கூட்டிப் போக ஆள் இல்லாதவர்கள்: நியூவார்க்கின் விமானப்படைக் கல்லறைகள்

கிழக்கு இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊர். அங்கே கல்லறைத் தோட்டத்தின் ஒரு மூலையில் ஒரே அளவு வெள்ளைக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. நெருங்கிப் போய்ப் பார்த்தால் கனடா, ஆஸ்திரேலியா, போலந்து என்று வெளிநாட்டு ஆட்களே அதிகம். அப்படியானால் பக்கத்தில் இரண்டாம் உலகப்போர்க்கால விமானதளம் ஒன்று இருந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

உள்ளூர்ப் பையன்கள் அங்கே குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டனுக்குள் இறந்த பிரிட்டிஷ் விமானப்படை ஆளின் உடலைக் குடும்பம் கேட்டால், பெட்டியில் வைத்து ரயிலில் சொந்த ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். டெவனோ கிளாஸ்கோவோ, அம்மா அப்பா இருக்கும் ஊரில் அடக்கம் நடக்கும். இந்த நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட இடங்களில் போர்க் கல்லறைகள் சிதறிக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஏதோ ஒரு குக்கிராமத் தேவாலயத்துப் புல்தரையில் ஒற்றைக் கல் நிற்பதைப் பார்த்தால், பெரும்பாலும் அவன் அந்த ஊர்ப் பிள்ளை. கனடாக்காரனையும் ஆஸ்திரேலியாக்காரனையும் கடல் தாண்டிக் கொண்டுபோக அனுமதி இல்லை. போலந்துக்காரனுக்கு அனுமதி இருந்தாலும் பயனில்லை, அவன் ஊரே ஜெர்மன்காரன் கையில். இப்படிக் கூட்டிப் போக ஆள் இல்லாதவர்கள்தான் தளத்துக்குப் பக்கத்து ஊரில் தங்கிவிட்டார்கள். அமெரிக்கர்களின் கதை வேறு. போருக்குப் பிறகு அவர்களில் ஒரு பகுதியினரை வீட்டுக்கு அனுப்பினார்கள், மற்றவர்களைக் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் மேடிங்லி கல்லறைக்கு மாற்றினார்கள். அதனால் சின்ன ஊர்களில் அவர்களைத் தேடிப் பயனில்லை.

இது தெரிந்த பிறகு எனக்குக் கல்லறைத் தோட்டம் பார்க்கும் விதமே மாறிவிட்டது. நான் அதிகம் சுற்றுவது நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள நியூவார்க்-ஆன்-ட்ரென்ட். லண்டன் ரோட்டில் இருக்கிறது ஊர்க் கல்லறைத் தோட்டம். அதற்குள் இரண்டு பகுதிகள். ஒன்றில் காமன்வெல்த் படையினர், சுமார் 90 பேர். இன்னொன்றில் போலந்துக்காரர்கள் ஏறக்குறைய 400 பேர், பெரும்பாலோர் விமானப்படை. ஒரு சந்தை ஊரில் இவ்வளவு போலந்துக் கல்லறைகளா என்று முதலில் யாருக்கும் தோன்றும். வரைபடத்தை விரித்தால் புரிந்துவிடும். ஊரைச் சுற்றிச் சில மைல்களுக்குள் ஸ்விண்டர்பி, சயர்ஸ்டன், விந்தார்ப் தளங்கள். 1940 ஆகஸ்டில் 300, 301 என்ற இரண்டு போலந்துக் குண்டுவீச்சு ஸ்குவாட்ரன்கள், அதாவது விமானப் படைப்பிரிவுகள், ஸ்விண்டர்பிக்கு வந்தன. அதே ஆண்டு டிசம்பரில் 304, 305 ஸ்குவாட்ரன்கள் சயர்ஸ்டனுக்கு வந்தன. 1941 ஜூலை வாக்கில் நான்கும் வேறு தளங்களுக்கு மாறிவிட்டன. ஆனால் கல்லறை இடம் மாறவில்லை. மற்ற போலந்துப் பிரிவுகளின் ஆட்களும் பிறகு இங்கேயே வந்து சேர்ந்தார்கள்.

நான் இதில் வந்து விழுந்தது ஒரு கார் டிக்கியைத் திறந்துவிடப் போய்த்தான். கூட வேலை பார்க்கும் போலந்து அக்கா ஒருத்தி, நவம்பர் 1 அன்று ஷிஃப்ட் முடிந்ததும் காரில் இறக்கிவிட முடியுமா என்று கேட்டாள். டிக்கி நிறைய மெழுகு விளக்குகள், சிவப்புக் கண்ணாடிக் கூட்டுக்குள். “உங்க சொந்தக்காரங்க யாராவது இங்க இருக்காங்களா?” என்றேன். “இல்ல, யாருமே இல்ல. இவங்களுக்கும் இங்க யாரும் இல்லையே, அதான்” என்றாள். எல்லாப் புனிதர் நாளன்று கல்லறையில் விளக்கேற்றுவது போலந்தில் ஊரே கூடிச் செய்யும் காரியம். 2004-இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு வேலைக்காக இங்கே வந்து குடியேறியவர்கள், தங்கள் பாட்டன் பூட்டன் கல்லறை தூரத்தில் இருக்கிறது என்பதால் இவர்களைத் தத்தெடுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

கோவில்பட்டியில் அம்மாவிடம் போனில் சொன்னதுக்கு, “அங்க என்ன சோலி உனக்கு? வந்ததும் தலைக்குக் குளிச்சியா?” என்பதுதான் முதல் கேள்வி. குளித்தேன் என்று சொல்லிவைத்தேன்.

நம்மூர் நடுகல்லில் எந்த மாட்டு மந்தையை மீட்கப் போய், யாரோடு மோதி விழுந்தான் என்றெல்லாம் வெட்டியிருப்பார்கள். இங்கே அது கிடையாது. எப்படி இறந்தான், எந்த விமானம், எந்த இடம் என்று ஒரு சொல் இருக்காது. எண், பதவி, பெயர், படை, தேதி, சிலவற்றில் வயது, கீழே குடும்பம் கொடுத்த ஒரு வரி, அவ்வளவுதான். 1917-இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையம் தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே கல் என்று முடிவு செய்தது. சுமார் 81 சென்டிமீட்டர் உயரம், 38 சென்டிமீட்டர் அகலம். அதில் இடமும் இல்லை, வித்தியாசம் காட்ட விருப்பமும் இல்லை. ஆகவே கதை வேண்டுமென்றால் நாம்தான் கோக்க வேண்டும். அதற்கான நுனி கல்லிலேயே இருக்கிறது.

புதிதாக வருபவர்கள் பெயர்களை வாசித்தபடி நடப்பார்கள். பத்து வரிசை தாண்டுவதற்குள் எல்லாம் கலங்கிப் போய்விடும், அதுவும் போலந்துப் பெயர்கள். பெயரை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் வாசித்துக்கொண்டு போங்கள். ஒரே தேதி அடுத்தடுத்த கற்களில் வந்தால் நின்றுவிடுங்கள். அது பெரும்பாலும் ஒரு விமானத்தின் குழு. எத்தனை கற்கள் என்று எண்ணினாலே விமானம் என்னவாக இருக்கும் என்று பாதி ஊகிக்கலாம். 1941 வாக்கில் வெலிங்டன் என்ற இரண்டு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தில் ஆறு பேர் போவார்கள்: இரண்டு விமானிகள், வழிகாட்டி, வயர்லெஸ்காரர், துப்பாக்கிக்காரர் இருவர். 1942-இல் இரண்டாம் விமானியை எடுத்துவிட்டதால் ஐந்து பேர் ஆனது. பிறகு வந்த நான்கு எஞ்சின் லங்காஸ்டர், ஸ்டெர்லிங், ஹாலிஃபாக்ஸில் ஏழு பேர். பயிற்சி விமானம் என்றால் ஆசிரியரையும் சேர்த்து எட்டு, ஒன்பதுகூட இருக்கும். ஆரம்பகால ஃபேரி பேட்டில் விமானத்தில் மூன்றே பேர். 301-உம் 300-உம் 1940 செப்டம்பர் 14 இரவு பிரான்சின் புலோன் துறைமுகத்தில் நின்ற படகுகள்மேல் முதல் தாக்குதலுக்குப் போனது இந்தப் பேட்டிலில்தான். அந்த ஆண்டு இறுதிக்குள் வெலிங்டனுக்கு மாறிவிட்டார்கள்.

எண்ணிக்கை பொருந்தவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல். நான்கு எஞ்சின் விமானம், ஆனால் மூன்று கற்கள்தான் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பேர் பிழைத்திருக்கலாம். அல்லது அவர்கள் பிரிட்டிஷ்காரர்களாக இருந்து, ஆளுக்கொரு ரயிலில் வீட்டுக்குப் போயிருக்கலாம். காமன்வெல்த் பகுதியில் இது அடிக்கடி நடக்கும். ஒரே விமானத்தில் விழுந்த ஏழு பேர் நான்கு மாவட்டங்களில் கிடப்பார்கள். அவர்களைத் திரும்பவும் ஒரே பக்கத்தில் எழுதிச் சேர்ப்பதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி.

தேதியில் ஒரு சிக்கல் உண்டு. குண்டுவீச்சு பெரும்பாலும் இரவில்தான் நடக்கும். மாலையில் கிளம்பிய விமானம் நள்ளிரவு தாண்டி விழும். ஸ்குவாட்ரன் பதிவேட்டில் அது முந்தின நாள் கணக்கில் இருக்கும், கல்லில் அடுத்த நாள். அதனால் எந்தத் தேதியைத் தேடினாலும் முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்தே பாருங்கள். இன்னொன்று, ஒரு குழுவின் தேதிக்கு நாலைந்து நாள் கழித்து ஒற்றைக் கல் ஒன்று இருந்தால் அவரையும் அந்தக் குழுவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் சில நாள் போராடி இறந்தவராக இருக்கலாம். லிங்கன்ஷயரில் ரௌஸ்பி என்ற இடத்தில் விமானப்படை ஆஸ்பத்திரி இருந்தது, தீக்காயத்துக்கென்று தனிப் பிரிவோடு.

விமானத்தில் பறந்தவர்களின் கற்கள் பலவற்றில் வேலையும் எழுதியிருக்கும், அதைத் தவற விடாதீர்கள். ‘ஃபிளைட் எஞ்சினியர்’ என்று இருந்தால் அவர் பெரும்பாலும் பெரிய விமானத்தில் போனவர். வெலிங்டனில் அந்த ஆளே கிடையாது. ‘அப்சர்வர்’ என்று இருந்தால் போரின் முதல் பாதி. 1942-க்குப் பிறகு அந்த வேலையை ‘நேவிகேட்டர்’, ‘ஏர் பாமர்’ என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். வெறும் ‘ஏர்கிராஃப்ட்மேன்’ என்றால் தரையில் வேலை பார்த்தவர். குண்டு ஏற்றும்போது வெடித்திருக்கலாம், நிமோனியாவாக இருக்கலாம், இருட்டடிப்பு இரவில் சைக்கிளில் திரும்பும்போது லாரி அடித்திருக்கலாம். பணியில் இருக்கும்போது எப்படி இறந்தாலும் ஆணையம் அதே கல்லைத்தான் வைக்கும். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை அவர்கள் கணக்கு. அதனால் 1946 என்று தேதி போட்ட கல்லைப் பார்த்து, போர்தான் முடிந்துவிட்டதே என்று குழம்ப வேண்டாம்.

வான்படைக் கல்லறை என்றதும் பெர்லின் வானில் சுடப்பட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் வருகிறார்கள். யோசித்தால் அது சரிப்படாது. பெர்லின் மேல் விழுந்தவன் ஜெர்மனியில் கிடப்பான். வடகடலில் விழுந்தவன் கிடைக்கவே மாட்டான். உடல் கிடைக்காத காமன்வெல்த் விமானப்படையினர் 20,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் லண்டனுக்கு மேற்கே ரன்னிமீட் நினைவிடத்தின் சுவர்களில் இருக்கின்றன. நியூவார்க்கில் இருப்பவர்கள் இங்கிலாந்து மண்ணில் விழுந்தவர்கள். அடிபட்ட விமானத்தை எப்படியோ ஓட்டிக்கொண்டு திரும்பி, ஓடுதளம் தெரியாமல் மரத்தில் மோதியவர்கள். மூடுபனியில் குன்றில் முட்டியவர்கள். அதைவிட, போருக்கே போகாமல் பயிற்சியில் இறந்தவர்கள். விந்தார்பில் 1943 முதல் 1661 என்ற எண்ணுள்ள ஹெவி கன்வர்ஷன் யூனிட் இருந்தது. இரண்டு எஞ்சின் விமானம் ஓட்டியவர்களுக்கு நான்கு எஞ்சின் பழக்கும் இடம். கொடுத்த விமானங்கள் பெரும்பாலும் ஸ்குவாட்ரன்கள் ஓட்டித் தேய்த்தவை. பாமர் கமாண்டில், அதாவது பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் படையில், சுமார் 1,25,000 விமானக் குழுவினரில் 55,573 பேர் இறந்தார்கள். அதில் 8,000-க்கு மேல் பயிற்சியிலும் விபத்திலும். எதிரியின் முகத்தைப் பார்க்காமலே போனவர்கள் அவர்கள். வீர வசனம் எழுதுகிறவர்களுக்கு இவர்கள் உதவ மாட்டார்கள். எனக்கு இவர்கள்தான் நெருக்கம்.

இனி, கல்லிலிருந்து காகிதத்துக்கு. முதல் வேலை, எண்ணைக் குறித்துக்கொள்வது. பெயரை நம்பாதீர்கள். போலந்து எழுத்துகளில் குறுக்குக்கோடு போட்ட எழுத்து, தலையில் புள்ளி வைத்த எழுத்து, வால் வைத்த எழுத்து எல்லாம் உண்டு. ஆங்கிலப் பதிவேடுகளில் அவை சாதா எழுத்தாகவோ தப்பாகவோ இருக்கும். படை எண் அப்படி மாறாது. போலந்து விமானப்படையில் அதிகாரிகளின் எண்ணுக்கு முன்னால் ‘பி’ இருக்கும். மற்றவர்களின் எண் பெரும்பாலும் 78, 79 என்று தொடங்கும் ஆறிலக்கம். இந்த எண்ணைக் கொண்டு ‘க்ஷிஸ்டெக் பட்டியல்’ என்ற இணையத் தரவுத்தளத்தில் தேடலாம். 1940 முதல் 1947 வரை பிரிட்டனில் இருந்த போலந்து விமானப்படையினரின் பட்டியல் அது. குண்டுவீச்சுப் படையில் இருந்தவர் என்றால் லிங்கனில் உள்ள சர்வதேச பாமர் கமாண்ட் மையத்தின் இழப்புப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம் உண்டு. அதில் கூட இறந்தவர்கள் பெயரும் இருக்கும், ஆகவே நான்கு மாவட்டத்தில் சிதறிய குழுவைச் சேர்க்க அதுதான் குறுக்கு வழி. ஆணையத்தின் சொந்தத் தளத்தில் கல்லறைப் பதிவுப் படிவத்தின் நகல் பெரும்பாலும் கிடைக்கும். கல்லில் இல்லாத பெற்றோர் பெயர், மனைவி பெயர், ஊர் எல்லாம் சிலருக்கு அங்கேதான் வரும்.

அடுத்தது ஸ்குவாட்ரன் பதிவேடு. லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏர் 27’ வரிசை. இதில் 540, 541 என்று இரண்டு படிவங்கள். 540-இல் அன்றாட நடப்பு: வானிலை, வந்த ஆள், போன ஆள், கால்பந்து ஆட்டம்கூட இருக்கும். 541-இல் ஒவ்வொரு விமானமும் எத்தனை மணிக்குக் கிளம்பியது, யார் யார் ஏறினார்கள், எத்தனை மணிக்குத் திரும்பியது. திரும்பாத விமானத்துக்கு நேரப் பத்தி காலியாக இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் 541-க்கு நேராகப் போய்விடுவார்கள். நான் 540-ஐ ஒரு மாதம் முன்னாலிருந்து வாசித்துக்கொண்டு வருவேன். அந்தப் பையன் எந்த வாரம் தளத்துக்கு வந்து சேர்ந்தான் என்று தெரியும், எத்தனை இரவு மழையால் பறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரியும்.

பயிற்சியில் இறந்தவரை ஸ்குவாட்ரன் ஏட்டில் தேடிப் பிரயோசனமில்லை, அவர் எந்த ஸ்குவாட்ரனுக்கும் போய்ச் சேரவில்லை. அவருக்கு இரண்டு வழி. ஒன்று, லண்டனின் ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கும் 1180 எண்ணுள்ள விபத்து அட்டை. ஓர் அட்டை, இரண்டு பக்கம், ஒரே சுருக்கெழுத்து மயம். ஆனால் விமானி அந்த ரகத்தை எத்தனை மணி நேரம் ஓட்டியிருந்தார் என்றுகூட அதில் பார்க்கலாம். இன்னொன்று, காப்பகத்தின் ‘ஏர் 81’ வரிசை. இறந்தவர், காயமடைந்தவர் பற்றிய கோப்புகள். தேதி வாரியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவருகிறது. திறந்து வாசிக்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். உடலை எப்படி அடையாளம் கண்டார்கள் என்பதெல்லாம் அதில் அப்பட்டமாக இருக்கும், குடும்பத்தார் எழுதிய கடிதங்களும் இருக்கும். சாப்பாட்டுக்கு முன் வாசிக்காதீர்கள்.

இப்படிக் கிடைத்ததையெல்லாம் உடனே ஊருக்குச் சொல்லிவிட வேண்டியதில்லை. அண்ணன் தம்பி பிள்ளைகள் போலந்திலோ கனடாவிலோ இருப்பார்கள். இரும்புத்திரைக் காலத்தில் பல போலந்துக் குடும்பங்களால் இங்கே வந்து கல்லைப் பார்க்கவே முடியவில்லை. அவர்களுக்குத் தெரியாத ஒரு விவரத்தை, அதுவும் விபத்துக்கு விமானியின் பிழைதான் காரணம் என்று அட்டையில் எழுதிய ஒரு வரியை, முன்பின் தெரியாத ஆள் பொதுவில் போட்டால் எப்படி இருக்கும்? விமானி பேச முடியாத நிலையில் எழுதப்பட்ட தீர்ப்பு அது. நான் அந்த மாதிரி வரியைப் பொதுவில் போடுவதில்லை, குறிப்பேட்டோடு வைத்துக்கொள்வேன்.

கற்களைப் பற்றி. போலந்துக் கற்களின் உச்சி கூராக இருக்கும், மற்றவை லேசாக வளைந்திருக்கும். தூரத்திலிருந்தே பிரித்துவிடலாம். கனடாக்காரர் கல்லில் மேப்பிள் இலை, நியூசிலாந்துக்காரர் கல்லில் பெரணி இலை. நியூசிலாந்துக் கற்களில் குடும்பத்தின் வரி இருக்காது. அந்த அரசே வேண்டாம் என்று முடிவெடுத்தது. வீட்டில் யாரும் அக்கறைப்படவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

பாசி படிந்திருந்தால் நம் கை சும்மா இருக்காது. தயவுசெய்து சும்மா இருக்கட்டும். இவை பெரும்பாலும் போர்ட்லாண்ட் கல், அதாவது சுண்ணாம்புக் கல். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற பழக்கத்தில் எலுமிச்சை, வினிகர் என்று எதையாவது கொண்டுவந்தால் எழுத்தே கரைந்து போகும். பிளீச், கம்பி பிரஷ், பிரஷர் வாஷர் எல்லாமே கூடாது. ஆர்வம் இருந்தால் ஆணையம் பிரிட்டனில் நடத்தும் ‘ஐஸ் ஆன், ஹேண்ட்ஸ் ஆன்’ தொண்டர் திட்டத்தில் சேருங்கள். சிதறிக் கிடக்கும் கற்களைப் போய்ப் பார்த்து அறிக்கை அனுப்புவதும், சொல்லிக்கொடுத்தபடி கழுவுவதும் வேலை. வெறும் தண்ணீர், மென்மையான பிரஷ், கீழிருந்து மேலாக. மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கல்லில் கோடு கோடாக இறங்கிக் கறையாகும். ஒரு கல்லுக்கு இவ்வளவு தண்ணீரா என்று ஆச்சரியப்படுவீர்கள். பல தேவாலயத்து முற்றங்களில் குழாய் இருக்காது, காரிலேயே கேன் கேனாக ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். கழுவி முடித்ததும் கல் பளிச்சென்று ஆகிவிடாது. சில மாதம் கழித்து அந்த வழியாகப் போகும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

நம் ஆட்களுக்கென்று ஒரு வார்த்தை. மரியாதை செய்கிறேன் என்று கல்லில் சந்தனம் குங்குமம் வைக்காதீர்கள், எண்ணெய் விளக்கை அடிக்கல்லில் வைக்காதீர்கள். இந்தக் கல் எண்ணெயை உறிஞ்சும், பிறகு எடுக்கவே முடியாது. விளக்கு வைக்க ஆசை இருந்தால் போலந்துக்காரர்கள் வைக்கிற மாதிரி மூடிபோட்ட கண்ணாடிக் கூட்டு விளக்கு, கல்லுக்கு ஓர் அடி தள்ளி.

போட்டோ எடுப்பவர்கள் நடுப்பகலைத் தவிருங்கள். வெள்ளைக் கல்லில் நேர் வெளிச்சம் பட்டால் எழுத்து மறைந்துவிடும். பக்கவாட்டில் வெயில் விழும் காலையோ மாலையோ வெட்டெழுத்துக்குள் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். மேகமூட்டமாக இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். சுண்ணாம்புக்கட்டியால் எழுத்தில் தேய்க்க வேண்டாம். முதலில் வரிசை முழுக்கத் தெரிகிற மாதிரி ஒரு படம், அப்புறம் தனித்தனி. யார் பக்கத்தில் யார் என்பதை வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எடுக்க முடியாது.

போலந்துப் பகுதியில் பெரிய சிலுவை நினைவுச்சின்னம் ஒன்று நிற்கிறது, 1941-இல் வைத்தது. அதன் முன்னால் உள்ள கல்லறைகள் காலி. அங்கே கிடந்தவர்கள் இப்போது அங்கே இல்லை. நாடுகடந்த போலந்து அரசின் பிரதமரும் படைத் தலைவருமான ஜெனரல் சிகோர்ஸ்கி 1943 ஜூலை 4 அன்று ஜிப்ரால்டரில், விமானம் கிளம்பிய சில நொடிகளில் கடலில் விழுந்து இறந்தார். உடலைப் போலந்துப் போர்க்கப்பல் பிளிமத்துக்குக் கொண்டுவந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் கதீட்ரலில் சர்ச்சில் உட்பட எல்லோரும் கூடிய பிறகு, ஜூலை 16 அன்று இங்கே, தன் விமானப்படைப் பையன்களுக்கு நடுவில் புதைத்தார்கள். சுதந்திரப் போலந்துக்குத் திரும்பும்வரை என்பதுதான் ஏற்பாடு. போர் முடிந்தது, ஆனால் போலந்து ஸ்டாலின் கைக்குப் போனது. 1945 ஜூலையில் பிரிட்டன் நாடுகடந்த அரசுக்கு அளித்த அங்கீகாரத்தையும் விலக்கிக்கொண்டது. உயிரோடு இருந்த விமானப்படையினரில் பலர் ஊர் திரும்ப அஞ்சி இங்கேயே தங்கினார்கள், திரும்பியவர்களில் சிலரைச் சிறையில் போட்டார்கள். சிகோர்ஸ்கி ஐம்பது வருடம் காத்திருந்தார். 1993 செப்டம்பரில்தான் க்ராகுவ் நகரின் வாவெல் கதீட்ரலுக்குப் போனார். அவருக்குப் பிறகு இங்கே அடக்கமான நாடுகடந்த அரசின் மூன்று குடியரசுத் தலைவர்கள், ராச்கியெவிச், ஸலெஸ்கி, ஆஸ்த்ரோவ்ஸ்கி ஆகியோரை 2022 நவம்பரில் வார்சாவுக்குக் கொண்டுபோனார்கள்.

தலைவர்களுக்கு ஆள் வந்து கூட்டிப் போனது, பையன்கள் இருக்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்வதாக அந்த அக்கா எடுத்துக்கொள்ளவில்லை. “எல்லாரையும் கொண்டுபோயிட்டா நான் விளக்க எங்க கொண்டு வைக்கிறது?” என்றாள்.

போர்ப் பகுதியைத் தாண்டியும் கொஞ்சம் நடந்து பாருங்கள். சாதாரண, பளபளக் கருங்கல் கல்லறைகளில் போலந்துப் பெயர்கள் வரும். தேதி 1970, 1980, 1990 என்று இருக்கும், பக்கத்தில் மனைவியின் ஆங்கிலப் பெயர். போர் முடிந்து இங்கேயே கடை, பட்டறை, தொழிற்சாலை என்று வாழ்ந்து முடித்தவர்கள். ஆணையத்தின் கணக்கில் இவர்கள் வரமாட்டார்கள், ஆனால் க்ஷிஸ்டெக் பட்டியலில் பலர் வருவார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்த வெள்ளைக் கற்களுக்குச் சொந்தம் என்று இந்த ஊரில் இருந்தவர்கள் இவர்கள்தான்.

லண்டனிலிருந்து வருபவர்கள் கிங்ஸ் கிராஸில் ஏறி நியூவார்க் நார்த்கேட்டில் இறங்கலாம், நாட்டிங்ஹாமிலிருந்தோ லிங்கனிலிருந்தோ வந்தால் நியூவார்க் காஸில் ஸ்டேஷன். இரண்டிலிருந்தும் நடக்கிற தூரம்தான், மழை ஜாக்கெட் இருந்தால். பிள்ளைகளோடு வந்தால் மிச்ச நாளுக்கு விந்தார்ப் தளம் இருக்கிறது. அங்கேதான் இப்போது நியூவார்க் விமான அருங்காட்சியகம். அந்த ஓடுதளத்திலிருந்து பறந்தவர்கள் சிலரை லண்டன் ரோட்டில் பார்த்துவிட்டுப் போனால், அங்கே நிறுத்தியிருக்கும் விமானங்களுக்குள் எட்டிப் பார்க்கும்போது இருக்கை எவ்வளவு குறுகல் என்பதுதான் முதலில் கண்ணில் படும். முந்தின நாள் இரவே தரவுத்தளத்தில் இரண்டு மூன்று தேதிகளை எடுத்து, குழுவின் பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். தோட்டத்துக்குள் நின்றுகொண்டு போனில் போலந்துப் பெயரைத் தட்டுவது, அதுவும் நவம்பர்க் குளிரில், விரலுக்கு ஆகிற காரியமில்லை.